குடும்பத்திற்கு நெற்றி வெப்பமானி: அதனை உபயோகிக்கும் முறை

வீட்டில் குழந்தை சோர்ந்து படுத்தால் தாய் முதலில் செய்வது யாது? புறங்கையை அதன் நெற்றியிலும் கழுத்திலும் வைத்துப் பார்ப்பதே. தலைமுறை தலைமுறையாக நம் கிராமங்களில் இருந்துவரும் இப்பழக்கம் நல்ல பழக்கமே. காய்ச்சல் இருக்கலாம் என்ற ஐயத்தை எழுப்புவதற்கு அந்தக் கை போதும். ஆயினும், காய்ச்சல் எவ்வளவு, காலையில் இருந்ததைவிட மாலையில் ஏறியுள்ளதா, இறங்கியுள்ளதா என்று கேட்டால் கை விடை கூறாது. கிணற்றடியில் பாத்திரம் துலக்கிவிட்டு வந்த கைக்கு எல்லா நெற்றியும் சுடும். அடுப்படியிலிருந்து வந்த கைக்கோ, காய்ச்சல் கண்ட நெற்றியும் அவ்வளவாகச் சுடாது.

2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது, துப்பாக்கி போன்ற உருவமுள்ள ஒரு சிறு கருவியை வருவோரின் நெற்றிக்கு நேரே பிடித்து எண்ணைப் படிக்கும் காட்சியை மருத்துவமனைகளிலும், அலுவலக வாயில்களிலும், கடைகளிலும் நாம் அனைவரும் கண்டோம். அன்று வாயிலில் நின்ற அக்கருவி இன்று பல வீடுகளுக்குள் வந்துவிட்டது. மருந்துக் கடைகளில் எளிதில் கிடைக்கிறது. உறங்கும் குழந்தையை எழுப்பாமல் இரண்டொரு விநாடியில் அளந்துவிடலாம் என்பதால் தாய்மார்கள் இதனை விரும்புகின்றனர்.

ஆனால் இதனைப் பற்றி இருவகைத் தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. சிலர் கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்பி, "காய்ச்சல் இல்லை" என்று நிம்மதியாக இருந்துவிடுகின்றனர். வேறு சிலர், ஒரே நெற்றிக்கு மூன்று எண் காட்டியதைக் கண்டு, "இது வெறும் விளையாட்டுப் பொருள்" என்று மூலையில் போட்டுவிடுகின்றனர். இரண்டும் பிழை. கருவி எதனை அளக்கிறது, எதனால் ஏமாறுகிறது என்று அறிந்துகொண்டால், அது குடும்பத்திற்கு நல்ல துணையாகும்.

உடலின் இயற்கையான வெப்பம்

ஜெர்மன் மருத்துவர் கார்ல் வுண்டர்லிக் என்பவர் மிகப் பல நோயாளிகளின் வெப்பத்தை அளந்து, 1868-இல் தாம் வெளியிட்ட நூலில் 98.6 டிகிரி பாரன்ஹீட், அதாவது 37 டிகிரி செல்சியஸ் என்பதனை உடல் வெப்பத்தின் சராசரியாகக் கூறினார். அந்த எண்ணே இன்றும் மக்கள் மனத்தில் நிற்கிறது. 1992-இல் அமெரிக்காவில் நோயற்ற 148 பேரை வாயில் அளந்து பார்த்தபோது சராசரி 98.2 டிகிரி பாரன்ஹீட் என்று தெரிந்தது. அதிகாலை ஆறு மணியளவில் வெப்பம் மிகக் குறைந்தும், மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை மிகுந்தும் இருந்ததை அவர்கள் கண்டனர்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டுவது ஒன்று உண்டு. உடல் வெப்பம் என்பது எல்லோருக்கும், எல்லா நேரத்திலும் ஒரே எண்ணாக இருப்பதில்லை. ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை அது சற்று மாறும். பொதுவாக 100.4 டிகிரி பாரன்ஹீட் (38 டிகிரி செல்சியஸ்) அல்லது அதற்கு மேல் இருந்தால் அதனைக் காய்ச்சல் என்று மருத்துவர்கள் கொள்கின்றனர்.

கருவி வேலை செய்யும் விதம்

சூடான பொருள் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத ஒருவகைக் கதிரை வெளியிடுகிறது. அடுப்பு அணைந்த பின்னும் அதன் அருகே கையைக் கொண்டுசென்றால் சூடு தெரிவது இக்கதிராலேயே. 1800-இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானநூலறிஞர் சூரிய ஒளியைப் பட்டகத்தினால் ஏழு நிறங்களாகப் பிரித்து, வெவ்வேறு நிறங்களில் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், ஒளியே தெரியாத இடத்திலும் வெப்பமானி ஏறியது. அங்கே விழுந்த கதிரையே இன்று அகச்சிவப்புக் கதிர் என்கிறோம். பொருளின் சூடு ஏறினால் கதிரும் மிகும்.

மனித உடலும் இக்கதிரை இடையறாது வெளியிட்டுக்கொண்டிருக்கிறது. நெற்றி வெப்பமானியின் முனையிலுள்ள சிறு கண் அக்கதிரை வாங்கி, உள்ளேயுள்ள உணர்கருவியின்மேல் குவிக்கிறது. அதனால் உண்டாகும் மிக நுண்ணிய மின்னழுத்தத்தைக் கணக்கிட்டு, கருவி எண்ணாகக் காட்டுகிறது.

இங்கே ஓர் அச்சத்தையும் நீக்கிவிட வேண்டும். இக்கருவி நெற்றிக்குள் கதிரைச் செலுத்தி மூளையைக் கெடுக்கிறது என்று 2020-இல் ஒரு வதந்தி பல நாடுகளில் பரவியது. அது உண்மையன்று. கருவி நெற்றியிலிருந்து வருவதைப் பெற்றுக்கொள்கிறதே தவிர, அகச்சிவப்புக் கதிர் எதனையும் நெற்றிக்குள் அனுப்புவதில்லை. ஆதலால் கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் இதனால் தீங்கில்லை. தொழிற்சாலைகளில் இயந்திரங்களின் சூட்டை அளப்பதற்கென வேறொரு வகைக் கருவி உண்டு. அதில் இலக்கைக் காட்டச் சிவப்பு லேசர் ஒளி வரும். அந்த ஒளி கண்ணில் படலாகாது. மனித உடலின் வெப்பத்தைத் துல்லியமாக அறிவதற்கும் அது ஏற்றதன்று.

நெற்றி வேறு, உள்ளுடல் வேறு

கருவி நேராக அளப்பது நெற்றித் தோலின் சூட்டையே. தோலின் சூடு உள்ளுடலின் சூட்டைவிடக் குறைவு. இவ்வளவு தோல் வெப்பம் இருந்தால் உள்ளே இவ்வளவு இருக்கும் என்று ஒரு கணக்கைச் சேர்த்தே கருவி எண்ணைக் காட்டுகிறது. உலைப்பானையின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்த்து, உள்ளேயுள்ள நீர் எவ்வளவு சுடுகிறது என்று மதிப்பிடுவதை ஒக்கும் இது. பானை நிழலில் இருந்தால் மதிப்பு ஏறக்குறையச் சரியாக இருக்கும். வெயிலில் காய்ந்தாலோ, அதன்மேல் ஈரத்துணி சுற்றியிருந்தாலோ மதிப்பு தவறிவிடும்.

நம் கிராம வாழ்க்கையில் நெற்றியின் சூட்டை மாற்றும் காரணங்கள் பல. நண்பகலில் நாற்று நட்டுவிட்டு வீடு திரும்பிய ஒருவரை உடனே அளந்தால், வெயிலில் காய்ந்த நெற்றி காய்ச்சல் இல்லாமலே எண்ணை உயர்த்திக் காட்டலாம். அவருக்கே வியர்வை வழிந்துகொண்டிருந்தால், அது ஆவியாகும்போது தோலைக் குளிரச் செய்வதால் எண் இறங்கியும் காட்டலாம். தலைப்பாகை கட்டியிருந்த நெற்றி சூடாக இருக்கும். மின்விசிறிக் காற்று நேரே படும் நெற்றி குளிர்ந்திருக்கும். திருநீறு, சந்தனம், தலைவலிக்குப் பூசிய தைலம், சுக்குப் பற்று, காய்ச்சலுக்குப் போட்ட ஈரத்துணி ஆகிய ஒவ்வொன்றும் தோலுக்கும் கருவிக்கும் இடையே நின்று எண்ணைக் கெடுக்கும்.

மற்றொன்றை முக்கியமாக நினைவிற்கொள்ள வேண்டும். காய்ச்சல் ஏறத் தொடங்கும்போது உடல் குளிரால் நடுங்குவதைப் பார்த்திருக்கிறோம். அவ்வேளையில் தோலிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்குவதால், உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டிருந்தும் தோல் குளிர்ந்திருக்கும். அப்போது நெற்றி வெப்பமானி காட்டும் தாழ்ந்த எண்ணைக் கண்டு ஏமாறலாகாது. நடுக்கம் நின்ற பின் மீண்டும் அளத்தல் வேண்டும்.

அளக்கும் முறை

1. கருவியுடன் வரும் குறிப்பை முதலில் படிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பள்ளி செல்லும் பிள்ளைகளைக் கொண்டு படிக்கச் சொல்லிக் கேட்கலாம். நெற்றிக்கும் கருவிக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம் கருவிக்குக் கருவி வேறுபடும். பலவற்றிற்கு 3 முதல் 5 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டு அல்லது மூன்று விரற்கடை அகலம் போதும். குறிப்பில் கூறிய தூரமே சரியான தூரம்.

2. பல கருவிகளில் உடலை அளக்க ஒரு நிலையும், பால், வெந்நீர் முதலிய பொருள்களை அளக்க மற்றொரு நிலையும் உண்டு. பொருள்களுக்குரிய நிலையில் வைத்து நெற்றியை அளந்தால், தோலின் சூடு மட்டுமே தெரியும். காய்ச்சலுள்ளவருக்கும் எண் தாழ்வாகக் காட்டும். வீடுகளில் நேரும் பிழைகளில் இது ஒன்று. ஆதலால் ஒவ்வொரு முறையும் நிலையைச் சரிபார்க்க வேண்டும். பாரன்ஹீட்டா, செல்சியஸா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

3. வெளியிலிருந்து வந்தவர் நிழலில் கால் மணி முதல் அரை மணி நேரம் அமர்ந்திருந்த பின்னரே அளக்க வேண்டும். குளித்தவுடன், ஓடியாடியவுடன், அடுப்படியில் வெந்தவுடன் அளப்பது கூடாது.

4. கருவியும் அதே அறையில் கால் மணி முதல் அரை மணி நேரம் இருந்திருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் பெட்டியிலோ, ஜன்னல் வெயிலிலோ கிடந்த கருவி சரியாக அளக்காது.

5. நெற்றியை உலர்ந்த துணியால் துடைத்து, முடியை ஒதுக்கிவிட வேண்டும். திருநீறும் தைலமும் இருந்தால் நீக்கி, சற்று நேரம் ஆறவிட வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும்.

6. கருவியை நெற்றியின் நடுவே, புருவங்களுக்குச் சற்று மேலே, நேராகப் பிடிக்க வேண்டும். சாய்த்துப் பிடிக்கலாகாது. எண் தோன்றும்வரை கையும் தலையும் அசையாதிருக்க வேண்டும். மணிக்கட்டில் அளப்பதைச் சில இடங்களில் கண்டிருப்போம். நெற்றிக்கென அமைந்த கருவியை நெற்றியில்தான் பிடித்தல் முறை.

7. சிறிது இடைவெளி விட்டு மும்முறை அளக்க வேண்டும. மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் நம்பலாம். பெரிதும் மாறுபட்டால், இடத்திலோ, தூரத்திலோ, நெற்றியிலோ குறை உள்ளது என்று கொண்டு மறுபடி முயல வேண்டும். புள்ளிக்குப் பின் வரும் ஓரிலக்க மாற்றத்திற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

8. அளந்த நாள், நேரம், எண், கொடுத்த மருந்து ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறிக்க வேண்டும். மருந்து கொடுக்கும் முன்னரே அளப்பது நன்று. மருத்துவரிடம் செல்லும்போது அந்நோட்டு வாய்ச்சொல்லைவிடப் பயன்படும்.

அறையின் வெப்பத்தைப் பற்றியும் ஒரு சொல். இத்தகைய கருவிகள் பெரும்பாலும் அறை வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டாத இடத்தில் வேலை செய்வதற்கென அமைந்தவை. வேலூர், திருத்தணி போன்ற ஊர்களில் கோடைக்காலத்தில் வெப்பம் அந்த அளவைத் தாண்டுவதுண்டு. தகரக் கூரை வேய்ந்த வீட்டினுள் நண்பகலில் நிலைமை கூறவே வேண்டியதில்லை. அந்நேரத்தில் இக்கருவியை நம்புவதைவிட, அக்குளில் வைக்கும் வெப்பமானியைக் கையாள்வதே தக்கது.

நலமாக இருக்கும்போதே அளந்து வைத்தல்

நிலத்தின் மண்ணைப் பரிசோதித்து வைத்துக்கொண்டு உரமிடுவது போல, குடும்பத்தினர் நலமாக இருக்கும் நாட்களிலேயே ஒவ்வொருவருக்கும் காலையும் மாலையும் மூன்று நான்கு நாட்கள் அளந்து குறித்துக்கொள்வது நல்லது. பாட்டிக்கு இந்தக் கருவியில் 97 காட்டுவது வழக்கம் என்று தெரிந்திருந்தால், ஒருநாள் 99.5 காட்டும்போது அது நமக்கு எச்சரிக்கையாக அமையும். முதியவர்களுக்கு நோய் கடுமையாக இருந்தும் காய்ச்சல் அதிகம் ஏறாதிருப்பது உண்டு. ஆதலால் இவ்வகைக் குறிப்பு அவர்களுக்கு மிக அவசியம்.

நெற்றியின் எண் ஐயத்திற்கு இடமளிக்குமாயின், அக்குளில் வைக்கும் மின்னணு வெப்பமானியால் உறுதி செய்துகொள்ள வேண்டும். அதன் விலையும் குறைவு. அக்குளைத் துடைத்து, முனையைத் தோலோடு ஒட்டிவைத்து, கையை நெஞ்சோடு அணைத்து, ஒலி கேட்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். அக்குளில் காணும் அளவு வாயில் காணும் அளவைவிட ஏறக்குறைய அரை முதல் ஒரு டிகிரி பாரன்ஹீட் குறைவாக இருக்கும். பழைய பாதரச வெப்பமானி வீட்டில் இருந்தால் உடையாமல் காக்க வேண்டும். பாதரசம் நஞ்சு. உடைந்தால் சிந்திய மணிகளைக் கையால் தொடவோ, துடைப்பத்தால் பெருக்கவோ கூடாது. இக்காரணத்தால் பாதரசக் கருவிகளைப் படிப்படியாக விலக்குவதற்கு 2013-இல் மினமாட்டா உடன்படிக்கை ஏற்பட்டது. இந்தியா 2018-இல் அதனை ஏற்றது.

எண்ணை மட்டும் பார்த்து இருந்துவிடலாகாது

இக்கட்டுரையில் கூறியவற்றுள் மிக முக்கியமானது இப்பகுதியே. கருவி நமக்கு ஒரு செய்தியைக் கூறுகிறது. நோயின் கடுமையைத் தீர்மானிக்கும் ஆற்றல் அதற்கு இல்லை.

டெங்குக் காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் வெப்பம் இறங்கத் தொடங்கும். கருவி 98 காட்டும். வீட்டாரும் நோய் தீர்ந்தது என்று மகிழ்வர். ஆனால் சிலருக்கு ஆபத்து தொடங்கும் வேளை அதுவே. வெப்பம் இறங்கிய பின் வரும் ஓரிரு நாட்களில் கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, மூக்கிலோ ஈறிலோ இரத்தக் கசிவு, கறுத்த மலம், கைகால் சில்லிடுதல், மிகுந்த சோர்வு அல்லது நிலைகொள்ளாமை, சிறுநீர் குறைதல் ஆகிய அறிகுறிகளில் ஒன்று தோன்றினாலும், எண் எவ்வாறிருப்பினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். டெங்கு என்று ஐயமுள்ளபோது ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளைத் தாமாக வாங்கிக் கொடுக்கலாகாது. அவை இரத்தக் கசிவை மிகுவிக்கக்கூடும்.

மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி பாரன்ஹீட் காய்ச்சல் கண்டால், விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பச்சிளங் குழந்தையின் உடல் சில்லிட்டுப் போவதும் காய்ச்சலைப் போலவே அபாய அறிகுறிதான். அக்குளில் அளந்து 97.7 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே இருந்தால், குழந்தையைத் தாயின் மார்போடு தோலுக்குத் தோல் படும்படி அணைத்து, மேலே போர்த்தி, செவிலியருக்கும் தெரிவிக்க வேண்டும். எந்த வயதுக் குழந்தையாயினும் பால் குடிக்க மறுத்தல், வலிப்பு, மூச்சுத் திணறல், எழுப்பியும் கண் விழியாமை ஆகியவை தோன்றினால், கருவியைத் தேடி நேரத்தைக் கழிக்கலாகாது.

வயலில் வேலை செய்தவர் வெயிலில் மயங்கி விழுந்தாலும், பிதற்றினாலும் அப்படியே. அது வெப்பத் தாக்காக இருக்கலாம். அப்போது உள்ளுடல் வெப்பம் 104 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டியிருக்கும். வியர்த்த நெற்றியோ வேறொரு எண்ணைக் காட்டலாம். உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடையைத் தளர்த்தி, உடலெங்கும் நீரூற்றி விசிற வேண்டும். 108 ஊர்தியை அழைக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் நீர் புகட்டலாகாது.

கருவியைப் பேணுதல்

வாங்கும்போது உடல் வெப்பத்தை அளப்பதற்கான மருத்துவக் கருவியா என்று பெட்டியில் பார்த்து, ரசீதும் உத்தரவாதச் சீட்டும் பெற வேண்டும். முனையிலுள்ள கண்ணை விரலால் தொடலாகாது. அழுக்குப் படிந்தால் குறிப்பில் கூறியபடி மென்மையான பஞ்சினால் துடைக்க வேண்டும். நீரில் நனைக்கலாகாது. பாட்டரி தளர்ந்த அடையாளம் தோன்றினால் மாற்ற வேண்டும். நெடுநாள் உபயோகிக்காவிடில் பாட்டரியை எடுத்து வைப்பது நல்லது. கசிந்த பாட்டரி கருவியைப் பாழாக்கிவிடும். பழைய பாட்டரிகளைக் குப்பையோடு எரிக்கலாகாது. குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

பஞ்சாயத்தின் பங்கு

எல்லாக் குடும்பங்களும் இக்கருவியை வாங்க இயலாது. வாங்குவது கட்டாயமும் அன்று. அக்குளில் வைக்கும் வெப்பமானி ஒன்றே போதுமானது. எனினும், கொரோனாக் காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி பஞ்சாயத்து அலுவலகத்திலோ பள்ளியிலோ அலமாரியில் உறங்குமாயின், உறுப்பினர்கள் அதனை எடுத்துப் பார்க்கலாம். பாட்டரி கசிந்துள்ளதா, கண் தூய்மையாக உள்ளதா என்று கவனித்து, நலமுள்ள சிலரின் நெற்றியில் அளந்து, அக்குள் வெப்பமானியோடு ஒப்பிட்டால் அது உபயோகத்திற்கு ஏற்றதா என்று ஓரளவு தெரிந்துவிடும்.

கிராம சபை கூடும் நாளில் கிராம சுகாதார செவிலியரை அழைத்து, அளக்கும் முறையைக் கால் மணி நேரம் செய்துகாட்டச் சொல்லலாம். மகளிர் குழுவினர் இதனைக் கற்றுக்கொண்டால் தெருவுக்கு ஒருவர் உதவ முன்வருவர். ஒரே தெருவில் ஒரே வாரத்தில் நான்கைந்து வீடுகளில் காய்ச்சல் கண்டால், அதனை உடனே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குத் தெரிவிப்பது உறுப்பினர்களின் கடமை. தேங்கிய நீரை அகற்றுவதும், குடிநீர்த் தொட்டியைத் தூய்மை செய்வதும் அதனோடு சேர்ந்து நடைபெற வேண்டும். அவ்வாறு செய்தால் வீட்டு நோட்டில் எழுதிய ஓர் எண் ஊர் முழுவதற்கும் காவலாக அமையும்.

தாயின் கை காய்ச்சலை ஐயுறட்டும். கருவி அதனை அளந்து கூறட்டும். குழந்தையின் முகத்தையும், மூச்சையும், அது பால் குடிப்பதையும் வீட்டார் கவனிக்கட்டும். இம்மூன்றில் எதில் குறை தெரிந்தாலும் மருத்துவரை நாடத் தயங்க வேண்டாம். கருவி "காய்ச்சல் இல்லை" என்று காட்டினும், குழந்தை நலமாக இல்லை என்று தாய்க்குத் தோன்றினால் அதுவே மருத்துவரிடம் செல்லப் போதிய காரணமாகும்.